கணக்கு வாசிக்காத கிளப்புகள்

எங்கள் ஊர் கால்பந்து கிளப்பில் வருடத்துக்கு ஒருமுறை கணக்கு வாசிப்போம். மின்னொளிப் போட்டி முடிந்து வருகிற இரண்டாவது ஞாயிறு, காலைப் பூசை கழிந்ததும், கோவிலுக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் எல்லோரும் கூடுவார்கள். பொருளாளர் நீளப் பேரேட்டை விரித்து வைத்துக்கொண்டு வரி வரியாக வாசிப்பார். விசைப்படகுகள் தந்தது இவ்வளவு, வள்ளங்கள் தந்தது இவ்வளவு, வளைகுடாவில் இருக்கும் பையன்கள் அனுப்பியது இவ்வளவு, அணிகளின் நுழைவுக் கட்டணம் இவ்வளவு. அப்புறம் செலவு: பந்து நான்கு, கோல் வலை, ஜெனரேட்டர் வாடகை, மைக் செட், நடுவர்களுக்குப் படி, வெளியூர் அணிகளுக்குச் சாப்பாடு. வாசித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். யாரும் எழுந்து போக மாட்டார்கள்.

ஒரு வருடம், மீன் விற்கும் அம்மா ஒருவர் கையைத் தூக்கினார். “போன வருசத்தவிட மைக் செட்டுக்கு ஆயிரத்து ஐந்நூறு கூடியிருக்கே, அது ஏன் மக்கா?” அவர் தந்த நன்கொடை 200 ரூபாய். பொருளாளர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, இறுதி ஆட்டம் மழையால் மறுநாளுக்குத் தள்ளிப்போனது, அதனால் ஒரு நாள் வாடகை கூடிற்று என்றார். “அப்ப சரி” என்று அவர் உட்கார்ந்துவிட்டார்.

200 ரூபாய் தந்தவருக்கு அந்தக் கேள்வியைக் கேட்க உரிமை உண்டு என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நான் பெரிய கிளப்புகளைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் அவர் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

என் பிழைப்பும் கணக்குதான். தேங்காய்ப்பட்டணத்திலும் கொச்சி தோப்பும்படியிலும் கரை பிடிக்கிற ஆழ்கடல் படகுகள் சிலவற்றுக்கு வரவு செலவு எழுதுகிறேன். படகு ஒரு மாதத்துக்கு மேல் கடலில் கிடந்து திரும்பும். மீன் ஏலம் போனதும் டீசல், ஐஸ், அரிசி பலசரக்கு, தரகு எல்லாவற்றையும் கழித்துவிட்டு, மிச்சத்தை முதலாளிக்கும் தொழிலாளிகளுக்கும் பங்கு பிரிப்போம். நட்டம் என்றால் அதுவும் தாளில் இருக்கும். அந்தத் தாளைப் படகை ஓட்டுகிற ஸ்ராங்கும் பார்ப்பார், சமையல் செய்கிற பையனும் பார்ப்பான். ஒரு படகு தொடர்ந்து மூன்று நடை நட்டத்தில் வந்தால் கரை முழுக்கத் தெரிந்துவிடும். அடுத்த நடை அதில் ஏறலாமா வேண்டாமா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்வார்கள்.

குமரி மாவட்டத்தில் நீரோடி முதல் பூத்துறை வரை எங்கள் கரையில் பந்து களிக்காத வீடு குறைவு. மணலில் ஓடிப் பழகிய கால்கள். எங்கள் மைதானத்தில் கடல் பக்கத்து மூலைக்கொடி நின்ற இடத்தில் இன்று பாறாங்கல் கொட்டிக் கிடக்கிறது. கடல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்துவிட்டது, மைதானம் குறுகிவிட்டது. அதனால் பதினொருவர் ஆட்டத்தை விட்டு எழுவர் ஆட்டத்துக்கு மாறிக்கொண்டோம். களியை விடவில்லை.

இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி அணிக்காக ஐ-லீக்கில் இறங்கியபோது அந்த அணி எங்கள் அணி ஆகிவிட்டது. 1946-இல் தொடங்கிய பழைய கிளப், 2016 கடைசியில்தான் ஐ-லீக்குக்குள் வந்தது. சொந்த மைதானமாகக் கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கத்தை வைத்துக்கொண்டார்கள். எங்கள் கரைக்காரன் ஒருவன் தேசிய லீக்கில் ஆடுகிறான், அதுவும் தமிழ்நாட்டு அணிக்கு. வேறென்ன வேண்டும்? ஆட்டம் நடக்கும் நாளில் வலைக்கூடத்தில் டிவியைத் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிடுவோம்.

அப்படி இருக்கையில்தான் 2017 நவம்பர் 30 வந்தது. ஓக்கி. எங்கள் கரையில் அந்தப் புயல் கொண்டு போனவர்களைப் பற்றி இங்கே எழுத எனக்கு மனமில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். கிளப் பெட்டியில் இருந்த பணம் முழுவதையும் ஒரே இரவில், கூட்டம் போடாமல், குடும்பங்களுக்குக் கொடுத்தோம். பல மாதம் ஊரில் யாரும் பந்தைத் தொடவில்லை. அடுத்த வருடம் சின்னப் பையன்கள் முதலில் மணலுக்கு இறங்கினார்கள். பெரியவர்கள் தூரத்தில் நின்று பார்த்தார்கள்.

அதற்கடுத்து வந்ததுதான் 2018-19 ஐ-லீக். சூசைராஜ் அதற்குள் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். ஆனாலும் நாங்கள் சென்னை சிட்டியை விடவில்லை. அக்பர் நவாஸ் பயிற்சியில், பெட்ரோ மான்சி கோல் மேல் கோலாக அடிக்க, அந்த அணி முதலிடத்தில் நின்றது. கடைசி ஆட்டம் 2019 மார்ச் 9, கோயம்புத்தூரில், மினர்வா பஞ்சாபுடன். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலத்துடன். நாங்கள் ஜெயித்தால் கோப்பை எங்களுக்கு. தவறவிட்டு ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் அவர்களுக்கு.

முந்தின நாள் இரவு நாகர்கோவிலில் இருந்து கோயம்புத்தூர் ரயிலில் ஐந்து பேர் ஏறினோம். நான், என் மச்சான், ஐஸ் ஆலையில் வேலை பார்க்கும் இரண்டு பேர், அப்புறம் ஒரு ஸ்ராங்க் அண்ணன். அண்ணனுக்கு ஓக்கியில் தம்பி போய்விட்டார். அவரை வற்புறுத்தித்தான் கூட்டிப் போனோம். வழி முழுக்க அவர் ஒன்றும் பேசவில்லை. மதுரையில் தேநீர் வாங்கிக் கொடுத்தோம், குடித்தார். காலையில் ரயில் நிலையத்தில் இருந்து மைதானத்துக்கு நடந்தே போனோம்.

ஆட்டம் தொடங்கிச் சில நிமிடத்துக்குள் மினர்வா கோல் போட்டுவிட்டது. இடைவேளை வரை அப்படியே. கையில் செல்போன், கண் மைதானத்தில், காது கோழிக்கோட்டில். இரண்டாம் பாதியில் பெனால்டி கிடைத்தது, மான்சி போட்டார். பிறகு கௌரவ் போரா ஒன்று. கடைசி நிமிடங்களில் அவரே இன்னொன்று. 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்திருந்தது. எங்களுக்கு 43 புள்ளி, அவர்களுக்கு 42. மூன்றாவது கோலின்போது ஸ்ராங்க் அண்ணன் எழுந்து நின்று கத்தினார். என்ன கத்தினார் என்று யாருக்கும் விளங்கவில்லை. முன்வரிசையில் இருந்த கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் திரும்பி, யார் என்ன என்று தெரியாமலே அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அண்ணன் அவன் தோளில் முகத்தை வைத்து அழுதார். ஒன்றே கால் வருடத்தில் அவர் வாய்விட்டு அழுததை நாங்கள் அன்றுதான் பார்த்தோம்.

அந்த ரயில் டிக்கெட்டைப் பேரேட்டின் பின்னட்டைக்குள் இன்னும் வைத்திருக்கிறேன். எழுத்து மங்கிவிட்டது. ‘நாகர்’ என்பது மட்டும் தெரிகிறது.

அதே 2019-இல் சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் என்ற கிளப், சென்னை சிட்டியில் 26 சதவீதப் பங்கு வாங்கியது. ஆசியக் கிளப்புகள் மோதும் ஏஎஃப்சி கோப்பையில் ஆடும் தகுதி கிடைத்தது. நல்ல காலம் தொடங்கிவிட்டது என்று நினைத்தோம். 2020 மார்ச்சில் அந்தக் கோப்பையில் ஒரு ஆட்டம் ஆடினார்கள், அதோடு கொரோனா. 2020-21 ஐ-லீக் முழுக்க கொல்கத்தா பக்கத்திலேயே, பார்வையாளர் இல்லாமல் நடந்தது. அதற்கடுத்த வருடம் அணிகளின் பட்டியல் வந்தபோது சென்னை சிட்டி அதில் இல்லை. கிளப் உரிமத்துக்கான நிபந்தனைகளை நிறைவேற்ற முடியாமல் வெளியே போய்விட்டது. கோப்பையைத் தூக்கி மூன்று வருடம்கூட ஆகவில்லை.

யார் மேலும் பழி போட இதை எழுதவில்லை. நம் நாட்டில் ஒரு தொழில்முறை அணியை நடத்துவது எவ்வளவு சிரமம் என்பது கணக்கு எழுதுகிற எனக்குப் புரிகிறது. டிக்கெட் வரவு பெரிதாக ஒன்றும் இராது. டிவி வருமானம் கிளப்பின் கையில் இல்லை. விளம்பரதாரர் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மிச்சம் முழுவதும் முதலாளியின் சட்டைப்பையில் இருந்து. படகு என்றால் மீன் படாத நடையும் உண்டு, பட்ட நடையும் உண்டு. இங்கே பட்ட நடையே கிடையாது. சாம்பியன் ஆனாலும் நட்டம்தான். அப்படியிருக்க, முதலாளி என்றைக்குக் கையை எடுக்கிறாரோ அன்றைக்கு எல்லாம் முடிந்தது. மகிந்திரா யுனைடெட் 2010-இல் கலைந்தது. பஞ்சாபின் ஜேசிடி 2011-இல். இரண்டுமே தேசிய லீக்கில் பெயர் வாங்கிய அணிகள்.

எங்கள் கரைக்கு இன்னும் நெருக்கமான கதை எஃப்சி கொச்சின். என் சித்தப்பா அப்போது கொச்சித் துறைமுகத்தில் படகு வேலையில் இருந்தார். 1997-இல் அந்த கிளப் தொடங்கியது, அதே வருடம் டூரண்ட் கோப்பையை ஜெயித்தது. மீன் இறக்கிவிட்டு, குளித்து, சட்டை மாற்றி, கலூர் மைதானத்துக்கு பஸ் ஏறுவாராம். “சாம்பிராணி போட்டாலும் போகாத மீன் நாத்தம் அங்க யாருக்கும் மணக்கல மக்கா” என்று சொல்லுவார். ஐந்தே வருடத்தில், 2002-இல், அது மூடப்பட்டது. சித்தப்பா அதன் பிறகு எந்த அணிக்கும் மனசு கொடுக்கவில்லை. 2014-இல் கேரளா பிளாஸ்டர்ஸ் வந்து அதே மைதானம் மஞ்சள் மயமானபோதும், டிவி முன்னால் வந்து உட்காரச் சொன்னால், “நீங்க பாருங்க” என்று எழுந்து போய்விடுவார். கிளப் சாகும்போது அந்த ஒரு அணி மட்டும் போவதில்லை, பிறகு வருகிற அணிக்கும் கொடுக்க முடியாதபடி ஒரு மனிதனின் உள்ளே என்னவோ அடைத்துக்கொள்கிறது. அவரைப் பார்த்துத்தான் இதைத் தெரிந்துகொண்டேன்.

இந்த நோய் நம் நாட்டில் மட்டும் இல்லை. பணம் கொழிக்கிற இடத்திலும் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 8, மெஸ்ஸி பார்சிலோனாவை விட்டுப் போகிறேன் என்று சொல்லி அழுத அன்று, என் மகனுக்கு ஒன்பது வயது. டிவிக்கு முன்னால் அவனும் அழுதான். பார்சிலோனாவின் கடன் அப்போது ஏறத்தாழ 135 கோடி யூரோ. அந்த மாதம் கிளப் தலைவர் லப்போர்டா சொன்ன இன்னொரு எண் என்னைத் தூங்கவிடவில்லை: கிளப்பின் மொத்த வருமானத்தில் சம்பளச் செலவு மட்டும் 103 சதவீதம். நூறு ரூபாய்க்கு மீன் விற்றால் ஆட்கூலியே 103 ரூபாய். டீசலும் ஐஸும் அதற்கு மேல். எங்கள் துறையில் சின்னப் பையனிடம் சொன்னால்கூட அந்தப் படகில் ஏற மாட்டான். உலகத்தின் மிகப் பெரிய கிளப்புகளில் ஒன்று அப்படி ஓடிக்கொண்டிருந்தது.

இத்தனைக்கும் பார்சிலோனா தனி முதலாளியின் சொத்து இல்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள்தான் அதன் உரிமையாளர்கள். ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறவர்கள். ரசிகர்கள் கையில் கிளப்பைக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் பல காலம் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை அன்று ஆட்டம் கண்டது. கிளப் யார் பெயரில் இருந்தாலும், நடுவழியில் நிறுத்தி ‘இது ஏன் கூடிற்று’ என்று கேட்க ஆள் வேண்டும். ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் இப்போது ஒரு வரம்பு வைத்திருக்கிறது. சம்பளம், வீரர்களை வாங்கும் செலவு, முகவர் கூலி எல்லாம் சேர்த்து வருமானத்தில் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கேட்க ஆள் இல்லாத இடத்தில் சட்டம் கேட்கிறது. நல்லதுதான்.

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் கதையைப் படித்தபோது வேறொரு விஷயத்தில் என் கண் நின்றது. 2008-இல் எஃப்ஏ கோப்பையை ஜெயித்த அணி. இரண்டே வருடத்தில், 2010-இல், கடன் தாங்க முடியாமல் நீதிமன்றம் வழியாக ஒரு நிர்வாகியின் கைக்குப் போனது. பிரீமியர் லீக்கில் இருந்தபடியே அப்படி விழுந்த முதல் கிளப் அதுதான். 9 புள்ளியும் பறிபோனது. பணம் வரவேண்டியவர்கள் பட்டியல் வெளியானது. அதில் வீரர்களும் மற்ற கிளப்புகளும் இருந்தார்கள், அவர்கள் பாக்கியை முதலில் தீர்க்க வேண்டும் என்பது அங்கே விதி. அதே பட்டியலில் ஆட்ட நாளில் முதலுதவி செய்கிற செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ்காரர்களும், உள்ளூர்ச் சாரணர் பிள்ளைகளும் இருந்தார்கள். சாரணர் பிள்ளைகளுக்குக்கூட பாக்கி! எந்தப் பேரேட்டை எடுத்தாலும் நான் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன், சில்லறை பாக்கி எல்லாம் அங்கேதான் இருக்கும். பெரிய கடன்காரனுக்கு வக்கீல் இருக்கிறார். சில்லறைப் பாக்கிக்காரருக்கு யாரும் இல்லை.

போர்ட்ஸ்மத் ரசிகர்கள் பிறகு ஆளுக்கு ஆயிரம் பவுண்டு போட்டுப் பங்கு வாங்கி, 2013-இல் கிளப்பைத் தாங்களே எடுத்து நடத்தினார்கள். இங்கிலாந்தின் இன்னொரு பழைய கிளப்பான பரியின் ரசிகர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1885-இல் தொடங்கிய கிளப், 1900-இலும் 1903-இலும் எஃப்ஏ கோப்பையை ஜெயித்தது. 2018 டிசம்பரில் ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. 2019 ஆகஸ்ட் 27 அன்று, யாரோ வாங்க வருகிறார்கள் என்ற நம்பிக்கையில், ரசிகர்கள் நூற்றுக்கணக்கில் துடைப்பமும் வாளியுமாக வந்து கிக் லேன் மைதானத்தைக் கழுவினார்கள், இருக்கைகளைத் துடைத்தார்கள். வாரக் கடைசியில் ஆட்டம் நடந்துவிடும் என்று நினைத்தார்கள். அன்று இரவே கிளப் லீக்கில் இருந்து நீக்கப்பட்டது.

நாங்கள் கோயம்புத்தூரில் கத்தியதற்கு ஐந்து மாதம் கழித்து நடந்தது இது. திருவிழாவுக்கு முந்தின நாள் எங்கள் பெண்கள் கோவில் முற்றத்தைக் கூட்டித் தண்ணீர் தெளிப்பார்கள். அந்தப் படங்களைப் பார்த்தபோது அதுதான் எனக்குத் தோன்றியது. இருக்கையைத் துடைத்த கை ஈரம் காயும் முன்னே இருக்கை இல்லாமல் போயிற்று. பரி ரசிகர்கள் கீழ்மட்ட லீக்கில் புது அணி ஒன்றைத் தொடங்கி, 2023-இல் அதே கிக் லேனுக்குத் திரும்பினார்கள். இப்படிப்பட்ட வீழ்ச்சிகளைப் பார்த்துப் பார்த்து, கிளப்புகளின் கணக்கைக் கண்காணிக்கத் தனி அமைப்பு வேண்டும் என்று இங்கிலாந்தில் 2025-இல் சட்டமே வந்தது.

நம் பக்கம் 2025-இல் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2010-இல் போட்ட 15 வருட வணிக உரிமை ஒப்பந்தம் டிசம்பரில் முடியப் போகிறது, அதற்கு மேல் என்ன என்று யாருக்கும் தெரியவில்லை என்பதால் ஜூலையில் நாட்டின் முதல்நிலை லீக்கான ஐஎஸ்எல் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி சம்பளத்தை நிறுத்தியது, ‘சென்னையின் எஃப்சி’ என்ற இன்னொரு சென்னை அணி செயல்பாடுகளை நிறுத்தியது. 2021-22-இல் கோப்பையைத் தூக்கிய ஹைதராபாத் அணி, பணமில்லாமல் தள்ளாடி, கடைசியில் டெல்லிக்கே பெயர்ந்து போனது. என் மகனுக்கு இப்போது பதினான்கு வயது, பிளாஸ்டர்ஸ் பைத்தியம். “சீசன் எப்பப்பா தொடங்கும்?” என்று தினம் கேட்டான். பிப்ரவரி 14-இல் தொடங்கும் என்று 2026 ஜனவரியில்தான் அறிவிப்பு வந்தது. அந்த ஆறேழு மாதத்தில் எங்கள் பக்கத்துப் பையன்கள் சிலர் கேரளாவிலும் சென்னையிலும் இரண்டாம் அணிகளில் சேர வைத்திருந்த ஆசையை மடித்து வைத்துவிட்டுக் கடலுக்குப் போனார்கள். அவர்களில் ஒருவனுக்கு நான்தான் படகில் இடம் பிடித்துக் கொடுத்தேன். முதல் பங்குப் பணத்தை என்னிடம் வாங்கும்போது, “பூட்ஸ வீட்ல எண்ண போட்டு வச்சிருக்கேன் மாமா” என்றான்.

எங்கள் கிளப்பும் ஒருமுறை விழுந்தது. ஒரு வருடம், போட்டி தொடங்கிய இரண்டாம் நாளில் இருந்து விடாத மழை. பந்தல் சரிந்தது, கூட்டம் வரவில்லை, பரிசுத் தொகையோ முன்பே அறிவித்தாயிற்று. முடிவில் 1,12,000 ரூபாய் கடன். அந்த ஞாயிறு கொட்டகையில் நிற்க இடமில்லை. பொருளாளரின் குரல் நடுங்கியது, ஆனால் ஒரு வரி விடாமல் வாசித்தார். யாரும் திட்டவில்லை. இரண்டு வருடம் போட்டி வேண்டாம், கடனை அடைப்போம் என்று அங்கேயே முடிவானது. படகுக்கு ஒரு நடைக்கு ஐந்நூறு, வள்ளத்துக்கு மாதம் நூறு. முதலில் பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் கொடுத்தோம். பரிசு ஜெயித்த அணி ஊர்க்காரர்களே எங்கள் நிலைமையைக் கேட்டுவிட்டு, மெதுவாகத் தந்தால் போதும் என்று சொல்லி அனுப்பினார்கள். பத்தொன்பது மாதத்தில் கடன் தீர்ந்தது. அந்த மீன் விற்கும் அம்மா மாதம் ஐம்பது ரூபாய் கொண்டுவந்து தருவார், ரசீது வாங்காமல் போக மாட்டார்.

இந்த வருடம் பொருளாளர் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. போட்டி போன வாரம் முடிந்தது. நல்ல கூட்டம், ஸ்ராங்க் அண்ணன்தான் சுழற்கோப்பையை எடுத்துக் கொடுத்தார். வருகிற ஞாயிறு கணக்கு வாசிப்பு. பெரிய கணக்கெல்லாம் எழுதி முடித்துவிட்டேன். கடைசிப் பக்கத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள்: ஃப்ளெக்ஸ் அடித்துத் தந்த பையனுக்கு 1,400, சுக்குக்காபி போட்ட அக்காவுக்கு 650. நாளைக் காலை ஏலம் முடிந்ததும் இருவரையும் போய்ப் பார்க்க வேண்டும்.